நீலக் குமிழ் வைத்த மூடி

அத்தியாயம் பதினேழு

ஆரம்பத்திலிருந்து இந்தக் குடும்பத்தோடு கூடவே வருகிறவர்களுக்கு, யார் யாரோடு பேசுவதில்லை என்பது மனப்பாடம். இன்றுதான் உள்ளே நுழைகிறவர்களுக்கு இவ்வளவு போதும். சமூக நலத் துறையைக் கட்டி எழுப்பியவர்களில் ஒருவர் என்று பேர் வாங்கி ஓய்வு பெற்ற பெரியவர். அதே துறையில் சமூகப் பணியாளராக இருக்கும் அவருடைய மருமகள். கணவனை விட்டு வந்து, அப்பா வீட்டிலும் ஒட்டாமல், நாலு வயது மகளோடு ஒற்றை அறையில் குடியிருக்கும் அவருடைய மகள். மகன் ஒருவரும் உண்டு. சரக்குக் கப்பலில் இன்ஜினியர். வீட்டில் சண்டை வரும் நாளிலெல்லாம் மனிதர் எப்படியோ நடுக்கடலில் இருப்பார்.

போன வருஷம் மகள் பெட்டியும் குழந்தையுமாக வாசலில் வந்து நின்றபோது பெரியவர் அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். தண்ணீர் கொடுத்தார். அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "கடைசியா எதுக்குச் சண்டை வந்துச்சு? அப்போ நீ என்ன சொன்னே? அதுக்கு அவர் என்ன சொன்னார்?" என்று வரிசையாகக் கேட்க ஆரம்பித்தார். முப்பது வருஷம் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்ட அதே கேள்விகள், அதே குரல்.

மகள் எழுந்துவிட்டாள். "நான் மனு கொடுக்க வரலைப்பா. வீட்டுக்கு வந்தேன்" என்றாள். வந்த வழியே போய்விட்டாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் அவள் பேச்சை எடுத்தால் பெரியவர் ரேடியோவைச் சத்தமாக வைப்பார்.

அது எதையும் காதில் போட்டுக்கொள்ளாமல் நாத்தனார் அறைக்கு ரகசியமாகப் போய் வந்துகொண்டிருந்தது மருமகள் மட்டும்தான்.

* * *

அன்றைக்குக் காலையில் வீடு அமர்க்களப்பட்டது. துறையின் பொன்விழா. சாயங்காலம் பெரியவர்தான் சிறப்புரை. "நம் நாட்டில் சமூக நலப் பணி வளர்ந்த கதை" என்று தலைப்பு. குளியலறைக்குள்ளிருந்தே பேசிப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் விழும் சத்தத்துக்கு நடுவே பஞ்ச காலம் வந்தது, ஏழை விடுதி வந்தது, துறை பிறந்தது.

தலையைத் துவட்டிக்கொண்டே சமையலறைக்கு வந்தவர் அலமாரியைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"அந்தப் பெரிய பாத்திரம் எங்கம்மா? நீலக் குமிழ் மூடி போட்டது?"

மருமகளுக்குக் கையில் இருந்த கரண்டி ஒரு கணம் நின்றது. அந்த மூடியின் பிடி உடைந்தபோது, குப்பையில் போட மனசு வராமல், தன் பழைய மேசை இழுப்பறையிலிருந்து நீலப் பீங்கான் குமிழைக் கழற்றி அதில் திருகி மாட்டியவர் பெரியவர்தான். மாமியார் உயிரோடு இருந்தவரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாராம். இன்றுவரை அவர் கஞ்சி காய்ச்சுவது அதில்தான்.

"கைப்பிடி ஆடுது மாமா. பற்றவைக்கக் கொடுத்திருக்கேன்."

"போன வாரம் காய்ச்சினப்போ ஆடலையே."

"ஆட ஆரம்பிச்சா சொல்லிட்டா ஆடும்?"

பெரியவர் அவளைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். பொய் சொல்கிறவர்களைக் கண்டுபிடிப்பதில் அவர் கெட்டிக்காரர் என்று துறை முழுக்கப் பேச்சு. வீட்டில் மட்டும் அந்தத் திறமை வேலை செய்யாது. "சரி, வேற எதிலயாவது காய்ச்சிக்கறேன்" என்று முணுமுணுத்துவிட்டுப் போய்விட்டார்.

பாத்திரம் நாத்தனார் அறையில் இருந்தது. குழந்தைக்கு ரெண்டு நாளாகக் காய்ச்சல், வாயில் எதுவும் வைக்கவில்லை என்று கேள்விப்பட்டதும், முந்தாநாள் சாயங்காலம் மருமகள் கோழி வாங்கி, பாத்திரம் நிறைய சூப் வைத்து, துணியால் கட்டி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போய் இறக்கிவிட்டு வந்தாள். இறக்கிய கையோடு ஒரு விஷயத்தை யோசித்திருக்க வேண்டும். தன் தொழிலை நன்றாகத் தெரிந்தவள் யோசித்திருப்பாள். அத்தையாக ஓடினவள் யோசிக்கவில்லை.

* * *

அலுவலகத்தில் அவளுக்கு எதிர் மேசைக்காரரைப் பின்னால் எல்லோரும் கஞ்சிச் சட்டை என்பார்கள். உட்கார்ந்தால்கூட அவர் சட்டை நின்றுகொண்டிருக்கும். உதவி கேட்டு மனு போட்டவர்களின் வீட்டை நேரில் போய்ப் பார்த்து முடிவு எழுதுவது அவர் வேலை. கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. கையேட்டில் இல்லாத எதையும் செய்யமாட்டார், அவ்வளவுதான்.

கையேடு என்றால் துறையின் கையேடு. ஒவ்வொரு பணியாளர் மேசையிலும் கிடக்கும். எழுதியவர் பெரியவர். அதனால் துறையில் அவருக்கே கையேடு என்றுதான் பட்டப்பேர்.

"நேத்து ஒரு வீடு பார்த்தேன் மேடம்" என்றார் கஞ்சிச் சட்டை, பேனாவை மூடியபடி. "தனித் தாய்மார் குடியிருப்புல வீடு கேட்டு மனு. ஆஸ்பத்திரி சலவைப் பிரிவுல வேலையாம். உதவிக்கு யாரும் இல்லைன்னு அடிச்சுச் சொல்லுச்சு அந்தப் பொண்ணு. நான் வழக்கம்போல அடுப்படிக்குப் போய் மூடியைத் திறந்தேன். பாத்திரம் நிறைய கோழி சூப். சின்னப் பாத்திரம்கூட இல்லை, கல்யாண வீட்டுப் பாத்திரம்."

மருமகள் நிமிர்ந்தாள். "அப்புறம்?"

"அப்புறம் என்ன, யாரோ நல்லாவே கவனிச்சுக்கறாங்க. உறவினர் ஆதரவு உண்டு, தகுதி இல்லைன்னு எழுதிட்டேன். மூடிகூடப் பாருங்க, மேசையில வைக்கிற மாதிரி நீலப் பீங்கான் குமிழ். இல்லாதப்பட்ட வீட்டுல இருக்கற சாமானா அது?"

அந்தக் குமிழை அவள் இன்று காலையில்தான் பொய் சொல்லிக் காப்பாற்றியிருந்தாள்.

"அந்த சூப் எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்டீங்களா?"

"எதுக்குக் கேக்கணும்? இருக்கா இல்லையாங்கறதுதான் அங்க கேள்வி."

"குழந்தைக்கு உடம்பு சரியில்லாம இருந்திருக்கலாம். யாராவது ஒரு நாளைக்குக் கொண்டுவந்து கொடுத்திருக்கலாம்."

"குழந்தை படுத்துத்தான் இருந்துச்சு" என்று ஒப்புக்கொண்டார். "அதைப் பத்தியும் எழுதியிருக்கேன் மேடம். நான் ஒண்ணும் ஈவிரக்கம் இல்லாதவன் இல்லை. அந்த அறையை இடிக்கப்போறாங்க, மாசக் கடைசியில காலி பண்ணணும். அதனால குழந்தையைக் குழந்தைகள் இல்லத்துல சேர்த்துக்கலாம், தாய் வேலை பார்க்கும் பெண்கள் விடுதிக்குப் போகலாம்னு சிபாரிசு பண்ணியிருக்கேன். ஞாயித்துக்கிழமை போய்ப் பார்த்துக்கலாம்."

மருமகளுக்கு எழுந்து அவர் சட்டையைக் கசக்கினால் என்ன என்று தோன்றியது. வீடு கொடுத்தால் தாயும் குழந்தையும் சேர்ந்து இருப்பார்கள். கீழ்த்தளத்திலேயே குழந்தைக் காப்பகம் இருக்கிறது, அவள் நிம்மதியாக வேலைக்குப் போவாள். அதைக் கொடுக்கமாட்டார்களாம். பெற்றவளையும் பிள்ளையையும் பிரித்து ஆளுக்கொரு கட்டடத்தில் வைத்து ரெண்டு பேருக்கும் சோறு போடுவார்களாம். அதற்குப் பேர் இரக்கம். ஒரு பாத்திரம் சூப்புக்கு இவ்வளவு தண்டனை என்றால் உலகத்தில் எந்தத் தாய் அடுப்பு மூட்டுவாள்?

"சாப்பாடு இருந்தா வீடு வேண்டாம்னு எந்த ஊர் நியாயம்? சூப்புக்குள்ளயா குடியிருப்பாங்க?"

"கோபப்படாதீங்க மேடம். உங்க மாமனார் எழுதினதுதான். அடுப்படி ஆய்வு, மூடியைத் திறந்து பார்க்கவும். நாளைக்குக் காலைல இந்த மனு விசாரணைக்கு வருது. அந்தப் பொண்ணு வந்து சொல்லட்டும், சூப் எங்கேருந்து வந்துச்சுன்னு."

இதுதான் சிக்கல். மனுவில் கணவன் பேர் மட்டும் இருந்ததால், அவள் யார் மகள் என்று துறையில் இதுவரை யாருக்கும் தெரியாது. நான் கொண்டுபோய்க் கொடுத்தேன், அவள் என் நாத்தனார் என்று இந்த இடத்திலேயே சொல்லிவிடலாம். சொன்னால் என்ன ஆகும்? உதவிக்கு யாரும் இல்லை என்று அவள் சொன்னது பொய்யாகும். அண்ணி துறையில் வேலை, அப்பா துறையைக் கட்டியவர், சொந்த வீடு வேறு என்று தெரிந்தால் அவளுக்கு இந்த ஜென்மத்தில் குடியிருப்பில் வீடு கிடையாது. அந்த அப்பா வீட்டு வாசலை அவள் மிதிக்கமாட்டாள் என்பதை எந்த விசாரணைக் குழு எழுதிக்கொள்ளும்?

மருமகள் பல்லைக் கடித்துக்கொண்டு கைப்பையை எடுத்தாள். அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

* * *

ஆஸ்பத்திரியின் பின்கட்டில் சலவைப் பிரிவு. உள்ளே போனால் ஆவியில் கண்ணாடி மங்கிவிடும். படுக்கை விரிப்புகளைப் பெரிய உருளைகளுக்குள் இருவர் செலுத்த, மறுபக்கம் இருவர் வாங்கி மடிப்பார்கள். நாத்தனார் வாங்கும் பக்கம் நின்றாள். அண்ணியைக் கண்டதும் பக்கத்தில் இருந்தவளிடம் கையைக் காட்டிவிட்டு வந்தாள்.

"காய்ச்சல் விட்டுடுச்சு அண்ணி. காலைல ரெண்டு டம்ளர் குடிச்சா. பக்கத்து அறை அம்மா பார்த்துக்கறாங்க" என்றாள் முதலில்.

"நேத்து வீட்டைப் பார்க்க வந்தாங்கன்னு ஏன் எனக்குச் சொல்லலை?"

"வந்து பார்த்துட்டுப் போனார். நல்ல மாதிரிதான் பேசினார். எதுக்கு?"

மருமகள் சொன்னாள். எதையும் பூசி மெழுகவில்லை. மூடி, சூப், தகுதி இல்லை, நாளைக் காலை விசாரணை, குழந்தைக்கு இல்லம், தாய்க்கு விடுதி. நாத்தனார் ஒரு விரிப்பை மடித்துக்கொண்டே கேட்டாள். கடைசி வார்த்தையில் மடிப்பு நின்றுவிட்டது.

"குழந்தையை எடுத்துக்குவாங்களா?"

"எடுத்துக்கறது இல்லை, சேர்த்துக்கறதுன்னு சொல்றாங்க."

"ரெண்டும் ஒண்ணுதானே அண்ணி. அவ ராத்திரி என் காதைப் பிடிச்சுக்கிட்டாத்தான் தூங்குவா. அந்த இல்லத்துல யார் காதைப் பிடிப்பா?"

நாத்தனாரின் முகம் சிவந்தது, ஆவியினால் இல்லை.

"நான் என்ன தப்பு பண்ணினேன்? வேலைக்குப் போறேன், அறைக்கு வாடகை கொடுக்கறேன். யார் காலையும் பிடிக்கலை. அந்த மனுஷன் வந்தப்போ என் பிள்ளை போர்வைக்குள்ள முனகிக்கிட்டு இருந்தா. அவ நெத்தியில ஒரு கை வெச்சுப் பார்க்கலை. நேரா அடுப்படிக்குப் போனார். என் பிள்ளையைவிட உங்க பாத்திரம்தான் அவருக்குக் கண்ணுல பட்டுச்சு. காலிப் பாத்திரத்தை வெச்சுக்கிட்டு அழுதுக்கிட்டு உட்கார்ந்திருந்தா நான் நல்லவ. என் அண்ணி ஆசையா ஒரு சூப் வெச்சுக் கொடுத்தா நான் ஏமாத்துக்காரி. அப்படித்தானே?"

"என் மேலதான் தப்பு. நான் யோசிச்சிருக்கணும். எனக்குத் தெரியாத விதியா?"

"அதைச் சொல்லாதீங்க அண்ணி, எனக்குக் கெட்ட கோபம் வரும். பிள்ளைக்குச் சாப்பாடு கொண்டுவர விதியைப் பார்த்துட்டா வருவாங்க? நீங்களும் அப்படி ஆயிட்டா எனக்குன்னு யாரு இருக்கா?"

உருளைப் பக்கத்திலிருந்து கூப்பிட்டார்கள். நாத்தனார் முன்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு நானே வந்து பேசறேன். அப்பாகிட்ட மட்டும் மூச்சு விடாதீங்க. என் பேர் அந்த வீட்டுக்குள்ள போகக்கூடாது. சத்தியம் பண்ணுங்க."

மருமகள் சத்தியம் செய்தாள். நாத்தனார் பேர் தன் வாயிலிருந்து வராது என்று. அதைத் தாண்டி எதற்கும் அவள் வாக்குக் கொடுக்கவில்லை.

* * *

விழா மண்டபம் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் அதிகாரிகள், பின்னால் பணியாளர்கள், கடைசியில் இந்த வருஷம் சேர்ந்த பயிற்சிக்காரர்கள். கஞ்சிச் சட்டை ரெண்டாம் வரிசையில், விழாவுக்கென்று இன்னும் விறைப்பான ஒரு சட்டையில் இருந்தார். மருமகளைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார்.

பெரியவர் நன்றாகப் பேசினார். அதை மறுக்க முடியாது.

"இந்தத் துறை பிறப்பதற்கு முன்னால் ஏழைகளுக்கு இருந்தது ஏழை விடுதி ஒன்றுதான்" என்று தொடங்கினார். "வாசலில் குடும்பமாக வருவார்கள். உள்ளே போகும்போது ஆண் ஒரு பக்கம், பெண் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம். வயிற்றுக்குச் சோறு உண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாது. பசிக்குக் கொடுத்த அபராதம் அது. அந்தக் கட்டடத்தை இழுத்துப் பூட்டிய நாளில் நான் அங்கே நின்றிருந்தேன். இனி இந்த நாட்டில் தாயையும் பிள்ளையையும் வறுமைக்காகப் பிரிக்கமாட்டோம் என்று அன்றைக்குச் சொன்னோம்."

கைதட்டல் எழுந்தது. மருமகள் தட்டவில்லை. கைகளை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

"அந்தக் காலத்தில் விடுதிக்கு வெளியே தருமக் கமிட்டிகள் இருந்தன. வசதியான வீட்டுப் பெண்கள் ஏழை வீடுகளுக்குப் போய், யார் நல்ல ஏழை, யார் கெட்ட ஏழை என்று தரம் பிரித்தார்கள். அந்த நிலைமையை மாற்றத்தான் படித்துப் பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர்கள் வந்தார்கள். நான் இளைஞனாக வேலையில் சேர்ந்த வருஷம் பெரும் வறட்சி. ஊர்ப் பெரிய மனிதர்கள் ஒரே குரலில் சொன்னார்கள், இங்கே பசி இல்லை, இருப்பது சோம்பேறித்தனம்தான் என்று. நான் அவர்களைக் கையைப் பிடித்து அழைத்துப்போய், வீடு வீடாக அடுப்படியில் நிறுத்தி, மூடியைத் திறந்து காட்டினேன். எல்லாம் காலி. தலையைக் குனிந்துகொண்டார்கள். மறுநாள் தானியம் வந்தது. கையேட்டில் அடுப்படி ஆய்வு என்று ஒரு விதி இருக்கிறதே, அது பிறந்த கதை இதுதான்."

மருமகளுக்கு இது புதுசு. இத்தனை வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தும் இதை அவர் சொன்னதில்லை. நம்பாதவர்களை நம்பவைக்கத்தான் அந்த மனிதர் மூடியைத் திறந்திருக்கிறார். அதே கை எழுதிய வரியை வைத்துக்கொண்டு இன்றைக்கு ஏழையை நம்பாமல் இருக்கத் திறக்கிறார்கள். அவளுடைய கோபம் குறையவில்லை. இப்போது அதற்கு நன்றாகக் கண் தெரிந்தது.

உரை முடிந்ததும், பயிற்சிக்காரர்களுக்குச் சந்தேகம் இருந்தால் கேட்கலாம் என்றார்கள். மருமகள் எழுந்தாள். முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்துப் புன்னகைத்தார்கள். மாமனாரைப் பாராட்டி நாலு வார்த்தை சொல்லப்போகிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

"ஐயா, ஒரு நடைமுறைச் சந்தேகம்" என்றாள். "குழந்தையோட தனியா இருக்கற ஒரு தாய் வீடு கேட்டு மனு போடறா. ஆய்வாளர் போறார். குழந்தை காய்ச்சலோட படுத்திருக்கு. அடுப்புல ஒரு பெரிய பாத்திரம், அது நிறைய கோழி சூப். யாரோ கொடுத்தது. கையேட்டுப்படி அவர் என்ன எழுதணும்?"

பெரியவருக்கு இந்த மாதிரிக் கேள்வி என்றால் வெல்லம். மைக்கைச் சரிசெய்துகொண்டார்.

"யார் கொடுத்தாங்கன்னு கேக்கணும்."

"கேக்கலைங்க ஐயா."

"கேக்காட்டா, கண்ணால பார்த்ததைத்தான் எழுதணும். உறவினர் ஆதரவு இருக்கு. இருக்கற வீடுகள் கொஞ்சம், கேக்கறவங்க ஆயிரம். சமூகப் பணியாளருக்கு இரக்கம் முக்கியம், அதைவிட நிதானம் முக்கியம். வீடு இல்லைன்னு எழுதினா அது சரியான முடிவுதான்."

"குழந்தையை இல்லத்துல சேர்க்கச் சொல்லியும் எழுதியிருக்கார்."

"தங்க இடம் இல்லாத குழந்தையைத் தெருவுல விடறதா? அதுவும் சரிதான்." கொஞ்சம் முன்பு ஏழை விடுதியைப் பற்றித் தான் சொன்னது அவருக்கு நினைவே வரவில்லை. "அப்படி ஒரு உறவுக்காரங்க இருந்தும் தாயும் பிள்ளையும் இந்த நிலைமைக்கு வந்திருந்தா, நாம முதல்ல கேக்க வேண்டியது அந்த உறவுக்காரங்களைத்தான். பெத்த பொண்ணை இப்படி விட்டவங்க யாருன்னு."

மண்டபம் கைதட்டித் தீர்த்தது. கஞ்சிச் சட்டை நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தார். கையேடே நேரில் வந்து அவருக்குச் சான்றிதழ் கொடுத்துவிட்டதே.

மருமகள் உட்காரவில்லை. கைதட்டல் அடங்கட்டும் என்று காத்திருந்தாள்.

"நன்றிங்க ஐயா. ஒண்ணு விட்டுட்டேன். ஆய்வாளர் ரொம்பக் கவனமானவர். அந்தப் பாத்திரத்தோட மூடியைப் பத்திக்கூடச் சொன்னார். பிடி இருக்க வேண்டிய இடத்துல, மேசை இழுப்பறைக்குப் போடற நீலப் பீங்கான் குமிழ் திருகியிருந்துச்சாம்."

யாருக்கும் எதுவும் புரியவில்லை. ஏதோ வேடிக்கை என்று ரெண்டு பேர் சிரித்தார்கள். மேடையில் இருந்தவர் சிரிக்கவில்லை. மைக்கைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றது. மருமகளைப் பார்த்தார். காலையில் சமையலறையில் பார்த்த அதே பார்வை, கண்ணாடிக்கு மேலாக. இந்த முறை அந்தத் திறமை வேலை செய்தது.

"அடுத்த கேள்வி" என்று யாரோ சொன்னார்கள். பெரியவர் அடுத்த கேள்விக்கு இருக்கவில்லை. மேடையை விட்டு இறங்கி, பாதியில் ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்று, மறுபடி நடந்து அவளிடம் வந்தார்.

"எங்க இருக்கா?" என்றார்.

"நான் எந்தப் பேரும் சொல்லலை மாமா."

"நீ சொல்லலைம்மா. நான்தான் சொல்லிட்டேன், இவ்வளவு பேருக்கு முன்னால. கூட்டிட்டுப் போ."

* * *

வெளிச்சம் இன்னும் மிச்சம் இருந்தது. சந்தின் கடைசியில் இருந்த அந்தக் கட்டடத்தின் சுவரில், இடிக்கப்போவதற்கு அடையாளமாகப் பெரிதாகச் சுண்ணாம்பில் கோடு போட்டிருந்தார்கள். பெரியவர் அதைப் பார்த்தார். படியேறும்போது நாளைக் காலை விசாரணையைப் பற்றி மருமகள் சொன்னாள்.

நாத்தனார் கதவைத் திறந்தாள். அப்பாவைப் பார்த்தாள், பின்னால் அண்ணியைப் பார்த்தாள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"உன் பேரை நான் சொல்லலை" என்றாள் மருமகள்.

"சொல்லாமயே கூட்டிட்டு வந்துட்டீங்க." நாத்தனார் வழியை விட்டு நகர்ந்தாள். "வாங்கப்பா. வீட்டு ஆய்வா?"

பெரியவர் உள்ளே வந்தார். ஒரு கட்டில், ஒரு கயிறு, அதில் காயும் சின்னச் சின்ன உடுப்புகள், மூலையில் அடுப்பு. கட்டிலில் உட்கார்ந்திருந்த குழந்தை அவரை யாரோ என்று பார்த்தது. அந்த மனிதர் என்ன நினைத்துக்கொண்டு வந்தாரோ தெரியாது. ஏதாவது சொல்லத்தான் வந்திருப்பார். ஆனால் ஆயிரம் வீடு ஏறி இறங்கிய கால்கள் அவரைக் கேட்காமலே அடுப்படிப் பக்கம் போயின. கை நீண்டது. நீலக் குமிழில் விரல் பட்டதும், சுட்டதைப்போல நின்றது.

"திறங்கப்பா" என்றாள் நாத்தனார். "வந்தவங்க எல்லாரும் திறந்து பார்த்துட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் பாக்கி."

அவர் திறக்கவில்லை. குழந்தைதான் இறங்கி வந்து, ரெண்டு கையாலும் மூடியைத் தூக்கி, உள்ளே எட்டிப் பார்த்து, "ஒண்ணுமில்லை" என்று அவருக்குத் தகவல் சொன்னது. பாத்திரம் கழுவிக் கவிழ்த்துத் துடைத்து, திருப்பிக் கொடுக்கத் தயாராக இருந்தது.

"இன்னிக்கு வந்து பார்த்திருந்தா பாஸ் ஆயிருப்பேன்" என்றாள் நாத்தனார்.

பெரியவர் குழந்தையின் நெற்றியில் கையை வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை. "காய்ச்சல் இல்லை" என்றார். "நாளைக்கு விசாரணைக்கு நான் வர்றேன்."

"யாரா வருவீங்க?"

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"என் அப்பாவா வந்தீங்கன்னா, எனக்கு ஆதரவு உண்டு, வீடு கிடையாது. அண்ணிக்கும் வேலைக்கு ஆபத்து. வேண்டாம். கையேடு எழுதினவரா வந்து, நான் எழுதினது தப்பு, மூடியைத் திறக்கறதை நிறுத்துங்கன்னு சொல்றதா இருந்தா வாங்க. ஆனா அப்படி வந்தா, அங்க நான் உங்க பொண்ணு இல்லை. நீங்க எனக்கு யாரோ. முடியுமா?"

மருமகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி அவரை நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போது வரிசைப்படுத்தி வைத்திருந்தாள். ஒன்றுகூடத் தேவைப்படவில்லை.

பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். "விசாரணை எந்த அறையில?"

"உங்க பேர் வெச்ச அறைதான்பா. நான் உட்காரப்போற நாற்காலிக்கு நேர் மேல உங்க படம் மாட்டியிருக்கு" என்றாள் மகள். பாத்திரத்தை அதே துணியில் கட்டி, அண்ணியிடம் கொடுக்காமல், அவர் கையில் கொடுத்தாள்.